அமெரிக்காவில் ஒரு செமஸ்டர்: பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியில் பரிமாற்ற மாணவர் திட்டத்தைக் கவனித்துவரும் ஆசிரியை நான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்துவிட்டால் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் மாணவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"எக்ஸ்சேஞ்ச்ல போனா ஃபீஸே கிடையாதாமே, உண்மையா மேடம்?"

பாதி உண்மை. இரண்டு பல்கலைக்கழகங்கள் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு, இங்கிருந்து ஒருவரை அனுப்பி அங்கிருந்து ஒருவரை வரவழைத்துக்கொள்வதுதான் பரிமாற்றம். அவரவர் தம் சொந்தக் கல்லூரிக்கே படிப்புக் கட்டணத்தைக் கட்டுவார் என்பதால், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் படிப்புக் கட்டணம் உங்கள் தலையில் விழாது. தங்குமிடம், உணவு, காப்பீடு, விமானச் சீட்டு, விசா, புத்தகம் ஆகிய அனைத்தும் உங்கள் கைச்செலவு.

இதைப் போலவே தோன்றும் இன்னொரு வழி, வருகை மாணவராகப் போவது. அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால் கட்டணம் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்தவருக்கான கட்டணமே உங்களுக்கும் பொருந்தும் என்பதால், ஒரு செமஸ்டருக்கு 15,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். பெயரில் பரிமாற்றம் என்றிருந்தும் உள்ளே கட்டணத்தில் சிறு தள்ளுபடி மட்டுமே தரும் ஒப்பந்தங்களும் உண்டு. எனவே பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்கும் முன், படிப்புக் கட்டணத்திலிருந்து முழு விலக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

"நம்ம காலேஜ் லிஸ்ட்ல இல்லாத யுனிவர்சிட்டிக்குப் போக முடியாதா?"

பரிமாற்ற மாணவராக முடியாது. மேலே சொன்னபடி முழுக் கட்டணம் செலுத்தும் வருகை மாணவராகப் போகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. ஐசெப் என்னும் அமைப்பு 1979இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அதில் உறுப்பாக உள்ள கல்லூரியின் மாணவர், தனி ஒப்பந்தம் இல்லாமலேயே அதன் பிற உறுப்புப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உங்களுக்கும் இடம் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். சில ஒப்பந்தங்கள் ஒரே ஒரு துறைக்கானவை. இயந்திரவியல் துறை செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மின்னணுவியல் மாணவரை அனுப்ப இயலாது. ஒப்பந்தத்துக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும், ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு என்பதையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

"இருக்கறதுலயே ரேங்க்கிங் அதிகமா இருக்கறதுக்குப் போயிடலாம்தானே?"

நான் அதிகம் வாதாடும் கேள்வி இதுதான். உலகத் தரவரிசைகள் பெரும்பாலும் ஆராய்ச்சியையும், கட்டுரைகள் பெறும் மேற்கோள்களையும், கல்வியாளர்களிடையே உள்ள மதிப்பையும் அளக்கின்றன. நான்கு மாதங்கள் இளநிலை வகுப்பில் உட்காரப்போகும் உங்களுக்கு அந்த எண்ணால் நேரடிப் பயன் சிறிது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் மாணவர்கள் படிக்கும் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை வகுப்பில் இருநூறு பேர், முந்நூறு பேர் இருப்பார்கள். கலந்துரையாடலையும் வீட்டுப்பாடத்தையும் பார்த்துக்கொள்பவர்கள் முதுநிலை மாணவர்கள். அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டு வகுப்புகள் சிறியவை. பேராசிரியர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார். இளநிலைப் படிப்பை மட்டுமே முதன்மையாக நடத்தும் சிறு கல்லூரிகளில் இருபது பேர் கொண்ட வகுப்பே இயல்பு.

புகழ்பெற்ற பெயர் தற்குறிப்பில் கண்ணில் படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்வி, அங்கே என்ன படித்தீர்கள் என்பதுதான். அதற்குச் சொல்ல உங்களிடம் உருப்படியான பதில் இருக்க வேண்டுமானால், உங்களுக்கு வேண்டிய வகுப்பில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும். ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தில் என் பாடங்களுக்கு இடம் கிடைக்கும் என்ற கேள்வியிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

"எனக்கு வேணும்ங்கற சப்ஜெக்ட் எல்லாமே அவங்க வெப்சைட்ல இருக்கே. அப்புறம் என்ன?"

இணையதளத்தில் இரண்டு வெவ்வேறு பட்டியல்கள் இருக்கும். ஒன்று, அந்தப் பல்கலைக்கழகம் எந்தக் காலத்திலேனும் நடத்தும் பாடங்கள் அனைத்தின் தொகுப்பு. மற்றொன்று, குறிப்பிட்ட செமஸ்டரில் உண்மையாக நடக்கப்போகும் வகுப்புகளின் அட்டவணை. நம் மாணவர்கள் முதலாவதைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவதை. அடுத்த ஆண்டின் அட்டவணை இன்னும் வெளிவராவிட்டால், கடந்த ஆண்டு அதே பருவத்தின் அட்டவணையைப் பாருங்கள். பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையே நடக்கும்.

கணினி அறிவியல் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் பச்சை மையில் ஐந்து பாடங்களை எழுதிய தாளுடன் ஒரு மாலை வந்தார். இருவரும் அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். முதல் பாடம் ஜனவரிப் பருவத்தில் மட்டுமே நடக்கிறது. அவர் போகவிருந்ததோ ஆகஸ்டில். இரண்டாவது முதுநிலை மாணவர்களுக்கு உரியது. மூன்றாவதில், அத்துறையில் பட்டம் பெறுவோர் மட்டுமே சேரலாம் என்ற குறிப்பு இருந்தது. நான்காவதற்கு நிகழ்தகவு முன்தேவைப் பாடம். அதை அவர் இங்கே நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும் என்ற பெயரில் படித்திருந்தார், ஆனால் அது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே! ஐந்தாவதில் நான்கு இடங்கள் மிச்சம். தாளில் மூன்று வரிகளை அடித்துவிட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பட்டியலில் அவ்வளவாக யாரும் கேட்காத வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் அட்டவணையைத் திறந்தோம். ஐந்தில் நான்கு அங்கே திறந்திருந்தன. அவர் அங்குதான் போனார்.

கணினி அறிவியல், வணிக மேலாண்மை, சில பொறியியல் துறைகள் ஆகியவற்றுக்குச் சொந்த மாணவர்களிடையே கூட்டம் அதிகம். பரிமாற்ற மாணவருக்குப் பெரும்பாலும் கடைசியில்தான் பதிவு திறக்கும். எந்தத் துறைகள் பரிமாற்ற மாணவருக்கு மூடப்பட்டவை என்று பல பல்கலைக்கழகங்கள் தாமே எழுதிவைத்திருக்கின்றன. ஐந்து பாடம் வேண்டுமென்றால் பத்துப் பாடங்களுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள். முன்தேவைப் பாடங்களுக்கு, நீங்கள் இங்கே படித்த பாடத்திட்டத்தை அலகு வாரியாக ஆங்கிலத்தில் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள்.

"அங்க படிக்கற கிரெடிட் இங்க கணக்குல வருமா? திரும்பி வந்தா அரியர் இருக்குமா?"

கிளம்பும் முன் கையெழுத்து வாங்கியிருந்தால் வரும். வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் சிக்கல்தான். எந்த அமெரிக்கப் பாடம் இங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ஓர் அட்டவணையாக எழுதி, துறைத்தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும் கையெழுத்து வாங்குங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் இது கல்லூரிக்குள்ளேயே முடியும். இணைப்புக் கல்லூரியாக இருந்தால் தாய்ப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும்.

கணக்கைப் பொறுத்தவரை, அமெரிக்க செமஸ்டரின் ஒரு கிரெடிட்டும் நம்முடைய ஒரு கிரெடிட்டும் வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஏறத்தாழ பதினைந்து வார வகுப்பு என்ற ஒரே அடிப்படையில் அமைந்தவை. ஆனால் அங்கே ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் இயல்பு. இங்கே 20ஐத் தாண்டும். அந்தப் பற்றாக்குறையையும், இங்கே தனியாக மதிப்பெண் போடப்படும் செய்முறைத் தேர்வுகளையும் எப்படி ஈடுசெய்வது என்று அந்த அட்டவணையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கிரேடு அப்படியே சேர்க்கப்படுமா, தேர்ச்சி என்று மட்டும் குறிக்கப்படுமா என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்கள் சராசரி அதைப் பொறுத்தது.

"குவார்ட்டர்னு போட்டிருக்கே, அது செமஸ்டர் மாதிரிதானே?"

இல்லை, இதில் ஏமாந்தவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ ஆகிய இடங்களிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள், சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்றவை ஆண்டைக் குவார்ட்டர்களாகப் பிரித்துப் பத்து வாரம் வகுப்பு நடத்துகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமோ செமஸ்டர் முறையைப் பின்பற்றுகிறது. ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வளாகங்களிலேயே இந்த வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள்.

ஒரு குவார்ட்டர் கிரெடிட், செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே 12 கிரெடிட் படித்தால் இங்கே 8தான் கணக்கில் வரும். முந்தைய பதிலில் சொன்ன பற்றாக்குறை இன்னும் பெருகும். மேலும் இலையுதிர்காலக் குவார்ட்டர் செப்டம்பர் இறுதியில்தான் தொடங்குகிறது. பத்து வாரத்தில் இடைத்தேர்வுகளும் இறுதித் தேர்வும் வந்துவிடும் என்பதால், வேறு நாட்டுக் கற்பித்தல் முறைக்குப் பழகுவதற்குள் பாதிக் காலம் போய்விடும். ஒரே ஒரு பருவம் போகிறவருக்குச் செமஸ்டர் முறைதான் ஏற்றது என்பது என் கருத்து.

"எந்த செமஸ்டர்ல போனா நல்லது மேடம்?"

பொறியியல் மாணவருக்கு ஐந்தாம் செமஸ்டர். அமெரிக்காவில் இலையுதிர்காலப் பருவம் ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். திரும்பி வந்து ஆறாம் செமஸ்டரில் இடைவெளியின்றிச் சேர்ந்துகொள்ளலாம். ஜனவரி முதல் மே வரையிலான வசந்தகாலப் பருவத்துக்கு, விசா நேர்காணல் நம் நவம்பர், டிசம்பர் தேர்வுகளுக்கு நடுவில் வந்து நிற்கும். ஏழாம் செமஸ்டரில் வளாக வேலைவாய்ப்பு நேர்காணல்கள் நடக்கும். அந்த நேரத்தில் வெளியே இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆகஸ்டில் போக வேண்டுமானால் பெரும்பாலான இடங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் உங்கள் கல்லூரி உங்களை முன்மொழிய வேண்டும். அதாவது நான்காம் செமஸ்டர் தொடங்கும் முன்பே பாடத் தேடலை முடித்திருக்க வேண்டும்.

"மொத்தமா எவ்வளவு செலவாகும்? அப்பா கேட்கச் சொன்னார்."

பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்கான தங்குமிடமும் உணவும் சேர்ந்து 6,000 முதல் 9,000 டாலர் வரை ஆகின்றன. நியூயார்க், பாஸ்டன், கலிபோர்னியக் கடற்கரை நகரங்கள் இதைவிட அதிகம். பல்கலைக்கழகமே வழங்கும் மருத்துவக் காப்பீடு பல இடங்களில் ஒரு செமஸ்டருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் போகும் மாணவர், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் பதிவேட்டுக்குக் கட்ட வேண்டியது 220 டாலர். விமானச் சீட்டும், படிப்புக் கட்டணத்தில் சேராத வளாகக் கட்டணங்களும் தனி. பிந்தையவற்றை விலக்குக்குள் கொண்டுவரும் ஒப்பந்தங்களும் உண்டு, கொண்டுவராதவையும் உண்டு.

இந்தத் தொகைக்கான வங்கி இருப்பையோ கல்விக் கடன் ஒப்புதலையோ காட்டினால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் விசாவுக்கான படிவத்தை அனுப்பும். ஆகவே இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றும் தன் இணையதளத்தில் தரும் செலவு மதிப்பீட்டை அருகருகே வைத்து வீட்டில் பேசிவிடுங்கள்.

"பெரிய சிட்டியா, சின்ன ஊரா?"

பல்கலைக்கழகத்தின் பெயரில் பெரிய மாநிலம் இருப்பதால் அது பெருநகரத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பொறியியல் வளாகம் சிகாகோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தெற்கே, அர்பானா ஷாம்பெய்ன் என்ற இரட்டை ஊரில் இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம் உள்ள இத்தாக்காவிலிருந்து நியூயார்க் நகரம் பேருந்தில் நான்கைந்து மணி நேரம். சிறிய ஊர் என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. செலவு குறைவு, வளாகமே ஊர், நண்பர்கள் எளிதில் கிடைப்பார்கள். கார் இல்லாமல் மளிகைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் போக முடியுமா என்பதுதான் முக்கியம். அர்பானா ஷாம்பெய்னில் மாணவர் அட்டையைக் காட்டி நகரப் பேருந்தில் போகலாம். எல்லா ஊர்களிலும் அந்த வசதி இல்லை.

தட்பவெப்பத்தையும் பாருங்கள். மின்னியாபொலிசில் ஜனவரி இரவுகள் சராசரியாகவே உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரிக்கும் கீழ் போகும். அரிசோனாவின் டெம்பியில் ஆகஸ்ட் பகல் 40 டிகிரியைத் தொடும். வேலூர்க்காரருக்கு அது புதிதல்ல.

"நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?"

பெரிய வளாகங்களின் உணவுக்கூடங்களில் சைவ உணவு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனாலும் சூப்பிலும் சோற்றிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம் என்பதால் கேட்டே எடுக்க வேண்டும். சமையலறையுள்ள வளாகக் குடியிருப்பு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண விடுதி அறைகள் பலவற்றில் குக்கர் வைக்க அனுமதி இல்லை. வெளியே வீடு எடுக்கலாம் என்றால், அங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்களுக்கு. நான்கு மாதத்துக்கு ஆள் பிடித்து மாற்றிவிடுவது எளிதல்ல.

விடுமுறையில் விடுதியும் உணவுக்கூடமும் திறந்திருக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி தெரிவிக்கும் நாளின்போது எங்கள் மாணவர் ஒருவர், உணவுக்கூடத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். புதன் மதியத்திலிருந்து ஞாயிறு மாலை வரை மூடல் என்று அதில் இருந்தது. அன்று பேருந்தும் குறைவு, கடை மூன்று கிலோமீட்டர் தூரம். ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிவைத்து நான்கு நாட்களை ஓட்டினார். அதன் பிறகு எங்கள் கல்லூரியின் கேள்விப் பட்டியலில் இந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டேன்.

"ஜே-1 விசாவா, எஃப்-1 விசாவா? அது நம்ம கையில் இருக்கா?"

பெரும்பாலும் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். பரிமாற்ற மாணவருக்கு டிஎஸ்-2019 என்ற படிவத்தை அனுப்பினால் ஜே-1. கட்டணம் கட்டும் வருகை மாணவருக்கு ஐ-20 அனுப்பினால் எஃப்-1. இரண்டிலும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இளநிலையில் அது 12 கிரெடிட். பாடம் கடினமாக இருக்கிறது என்று அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒன்றை விட்டுவிட்டு 12க்குக் கீழே போனால் விசா நிலையே போய்விடும்.

ஜே-1 மாணவரின் காப்பீடு, ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை செலவை ஏற்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி; நீங்கள் முதலில் கைப்பணமாகக் கட்டும் பங்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் விற்கும் மலிவான பயணக் காப்பீட்டை வாங்கும் முன் இந்த எண்களை அதன் பத்திரத்தில் தேடுங்கள். பல்கலைக்கழகம் தன் திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகும் முன், சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற நடைமுறை 2025 ஜூன் முதல் மாணவர் விசாக்களுக்கு வந்திருக்கிறது.

"பகுதி நேர வேலை பார்த்து செலவைச் சமாளிக்கலாமா?"

அதை நம்பிப் போகாதீர்கள். ஜே-1 மாணவர், திட்டப் பொறுப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதியுடன் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் நான்கு மாதத்துக்காக ஒருவரைச் சேர்த்துப் பழக்க நூலகமும் உணவுக்கூடமும் தயங்கும். வளாகத்துக்கு வெளியே கடையிலோ உணவகத்திலோ அனுமதியின்றி வேலை செய்வது சட்டமீறல். செமஸ்டர் முடிந்ததும் படிப்பு தொடர்பான பயிற்சிக்கு ஜே-1இல் வழி உண்டு. படித்த காலத்துக்கு மிகாமல், முன் அனுமதியோடு செய்யலாம். அது வேண்டுமென்றால் ஆறாம் செமஸ்டரில் இங்கே வர வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"ஜே-1ல போனா ரெண்டு வருஷம் திரும்ப அமெரிக்கா போக முடியாதுன்னு சொல்றாங்களே?"

அந்த விதி இருக்கிறது. ஆனால் சொல்லப்படுவது போல அல்ல. அதற்கு உட்பட்டவர்கள் ஈராண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே ஹெச்-1பி வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ (கிரீன் கார்டு) பெற முடியும். சுற்றுலா விசாவையோ, பின்னால் மேற்படிப்புக்கு வெளிநாட்டிலிருந்து எடுக்கும் எஃப்-1 விசாவையோ அது தடுப்பதில்லை. முன்பு இந்திய மாணவர்களில் பலர் திறன் பட்டியல் (எந்தத் துறைத் திறன்கள் எந்த நாட்டுக்குத் தேவை என்று அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியல்) காரணமாக இதில் சிக்கினார்கள். 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டுவிட்டது. இருந்தாலும் உங்கள் பயணத்துக்கு இந்திய அரசோ அமெரிக்க அரசோ பணம் கொடுத்தால் விதி பொருந்தும். அரசு உதவித்தொகையோடு போகிறவர்கள் இதை அறிந்தே கையெழுத்திடுங்கள்.

"அங்க போய் சேர்ந்தப்புறம் ஒரு சப்ஜெக்ட் ஃபுல் ஆயிட்டா என்ன பண்றது?"

இது நடக்கும், பயப்பட வேண்டாம். வகுப்பு தொடங்கிய முதல் ஓரிரு வாரங்கள் பாடங்களைச் சேர்க்கவும் விடவும் அனுமதிக்கும் காலம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, முதல் வகுப்பிலிருந்தே போய் உட்காருங்கள். முடிந்ததும் பேராசிரியரிடம் சென்று, ஒரு செமஸ்டருக்கு மட்டும் வந்திருப்பதையும் முன்தேவையைப் படித்திருப்பதையும் சொல்லுங்கள். அங்கே மாணவரைச் சந்திப்பதற்கென்றே பேராசிரியர்கள் வாரத்தில் நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்தில் போவதை யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

அப்படியும் கிடைக்காவிட்டால், ஒப்புதல் வாங்கிவைத்த பத்துப் பாடங்களிலிருந்து வேறொன்றை எடுங்கள். பட்டியலிலேயே இல்லாத பாடத்தை எடுக்க நேர்ந்தால், சேர்க்கும் காலம் முடியும் முன் அதன் பாடத்திட்டத்தை இணைத்துத் துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்கிறோம் என்ற பதிலைப் பெற்றுச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அப்போது நள்ளிரவாக இருக்கலாம். ஆகவே கடைசி நாள் மாலை வரை காத்திருக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள், எனக்கும் ஒரு நகல் வரட்டும்.